நாற்பது குழாய்களிலும் ஒரே ஆள்

மே 4, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கே மேசையெல்லாம் மணல். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன்: மணல், பிஸ்கட் துண்டு ஒன்று, செத்த எறும்பு இரண்டு. உயிரியல் படித்தவள் இன்று கையால் தொட்ட உயிர் அவ்வளவுதான்.

இன்றைக்கு:
– கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து தரவு இறக்கம். ஆறு மணிக்குத் தொடங்கியது, இப்போது 41%.
– உம்மாவுக்குப் பிரஷர் குளிசை.
– பழைய கோப்புகளை ஒதுக்குதல். "கடைசி", "கடைசி_2", "இதுதான் கடைசி", "இதுதான் கடைசி_சரியானது". எது சரியென்று எனக்கே தெரியாது.

பத்து மணிக்கு அடுத்த வீட்டு மர்லியா மாமி. "வீட்டுக்குள்ள இரிந்து என்ன புள்ள வேல செய்ற?" எச்சிலில் மரபணு இருக்கிறது, கொழும்பில் இயந்திரம் அதை எழுத்தாக மாற்றும், அந்த எழுத்தை நான் கணினியில் வாசிப்பேன் என்றேன். கேட்டுவிட்டு விரலை நீட்டினார். "அப்ப எனக்குச் சீனி எவ்வளவெண்டு பாத்துச் செல்லு." போகும்போது வழக்கமான வாசகம்: "மூக்கப் பாரு, வாப்பாட அச்சு."

தரவு எங்கள் ஊருடையது. சாய்ந்தமருதில் நாற்பது பேர், நாற்பது வீடு. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கிறார்கள். என் முதல் வேலை. எச்சில் சேகரிக்க ஆள் தேடினார்கள். வாப்பாவின் பெயரைக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற தபால்காரர், வீட்டிலிருந்து சலித்துப்போயிருந்தார். ஊரில் எல்லோருக்கும் அண்ணன் முறை, "தபால் காக்கா". "முப்பது வருசத்துல ஒரு கடிதம் வீடு மாறிப் போகல்ல" என்பதை யார் வந்தாலும் சொல்வார். நோன்பு மாதத்தில் நாற்பது எச்சில் குழாயும் பத்தே நாளில் அனுப்பிவிட்டார். கொழும்பில் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே 5, செவ்வாய்

காற்று. கரண்ட் இரண்டு முறை போனது.

தரவு வந்துவிட்டது. அட்டவணையைத் திறந்தால் மரபணுப் பெயர்கள் சில திகதியாக மாறியிருந்தன. மார்ச் 1, மார்ச் 3, செப்டெம்பர் 7. இது எங்கள் தொழிலின் பழைய நோய், மென்பொருள் தானாகச் செய்யும் அதிகப்பிரசங்கித்தனம். பின்னால் நின்று பார்த்த உம்மாவின் குரல்: "இதெல்லாம் ஆர்ட மௌத்தான நாள் புள்ள?" சிரித்தேன். ஆனாலும் இறந்த நாளென்றால் செப்டெம்பர் இன்னும் வரவில்லையே என்று ஒரு கணம் நினைத்தேன்.

பிற்பகல், உறவுக் கணக்கு ஓட்டினேன். ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒப்பிடும். ஒன்று வந்தால் இரண்டும் ஒரே ஆள். அரை வந்தால் பெற்றவரும் பிள்ளையும். பூச்சியம் என்றால் அந்நியர்.

நாற்பதுக்கு நாற்பது கட்டம். எல்லாவற்றிலும் ஒன்று.

இருந்து பார்த்தேன். மறுபடி ஓட்டினேன். ஒன்று, ஒன்று, ஒன்று. நாற்பது வீட்டிலும் ஒரே ஆள்.

மே 6, புதன்

பிழை என்னுடையதாகத்தான் இருக்கும். எப்போதும் அப்படித்தான். காலை முழுவதும் தேடினேன்:
– ஒரே கோப்பை நாற்பது முறை வாசித்தேனா? இல்லை.
– பெயர் மாறியதா? இல்லை.
– புள்ளி, காற்புள்ளி? ஒன்று கிடைத்தது. திருத்தியும் மாற்றமில்லை.

பிறகு ஆணா பெண்ணா என்று பார்த்தேன். பட்டியலில் பத்தொன்பது பேர் பெண்கள். தரவில் நாற்பதும் ஆண்.

கொழும்பில் குழாய்களைச் சோதிப்பவர் சிவரூபி அக்கா. பக்கத்துப் பாண்டிருப்புக்காரி, நல்லவர். வட்ஸ்அப்பில் எழுதினேன். "எங்கட பக்கம் பிழை வராது பிள்ளை. எண்டாலும் மிச்ச எச்சிலில் ரெண்டு குழாயைத் திரும்பச் செய்து பாக்கிறன்."

குளிசை வாங்கக் கடைத்தெரு. எதிரே வந்தவர்களில் யார் யார் அந்த நாற்பதில் இருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். பாண் கடைக்காரர், சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும் தாய். கொஞ்சத் தூரம் போனதும் எல்லோருடைய முகத்துக்கும் பின்னால் ஒருவனே இருந்து என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. குளிசைக் கடைக்காரர் "வாப்பா சுகமா?" என்றபோது மிச்சக் காசை வாங்காமலே நடந்துவிட்டேன்.

அந்தியில் மஃரிபு பாங்கு சொன்னதும் உம்மா வந்து மடிக்கணினியை மூடினார். "இந்த நேரத்துல அதத் திறந்து வெச்சிக்கிட்டு இரிக்காத. பேயறஞ்ச மாதிரி இரிக்காய்."

மே 8, வெள்ளி

சிவரூபி அக்கா காலையில் அழைத்தார். மறுபடி சோதித்த இரண்டு குழாயிலும் அதே ஆண். "ஆய்வுகூடத்துக்குள்ள கலக்கல்ல பிள்ளை. குழாய்க்குள்ளயே அந்த ஆள்தான் இரிக்கிறான்."

பிறகு, "சேகரிச்சது உங்கட வாப்பாதானே?"

ஓம் என்றேன்.

"நான் ஒண்டும் சொல்லல்ல. அவர் எங்கட வீட்டுக்கும் கடிதம் கொண்டுவந்த மனிசன். ஆனா மேல கேப்பாங்க."

அக்கா வைத்தபோது வாப்பா முன்அறையில் ஜும்ஆத் தொழுகைக்குப் போகச் சட்டைக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. மடிப்பு ஒன்று விடாமல். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலே கதியென்று இருந்த மனிதர். இந்த மனிதரா? இல்லை. ஆனால் எப்படி இல்லையென்று காட்டுவது? இது நிரூபணமானால் அவர் இந்தத் தெருவில் எப்படி நடப்பார்?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம், வகுப்பில் எல்லோரும் குழாயில் துப்பி எங்கள் எங்கள் மரபணுவை வாசித்தோம். என் கோப்பு இன்னும் இருக்கிறது. அந்த ஆள் வாப்பா என்றால் எனக்கும் அவனுக்கும் அரை வர வேண்டும்.

ஓட்டுவதற்குப் பயமாக இருந்தது. இன்று ஓட்டவில்லை.

மே 9, சனி

காலை ஏழு மணிக்குப் பிஸ்மி சொல்லி ஓட்டினேன்.

பூச்சியம்.

அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ். வாப்பா இல்லை. எழும்பிப்போய் நன்றிக்கு இரண்டு ரக்அத் சுக்ரு தொழுதேன். எங்கள் ஊரில் எவரை எவரோடு வைத்துப் பார்த்தாலும் மயிரிழையாவது சொந்தம் வரும், எல்லோரும் கொண்டு கொடுத்தவர்கள். இங்கே அதுவும் இல்லை. ஆகவே எவனோ வெளியூரான். பொத்துவிலோ, அக்கரைப்பற்றோ, எங்கேயோ.

அந்த அட்டவணையை அப்படியே சிவரூபி அக்காவுக்கு அனுப்பினேன். "என் கோப்போடு ஒப்பிட்டேன் அக்கா. பூச்சியம். வாப்பா இல்லை." பெரிய விஞ்ஞானி மாதிரி.

அக்காவின் பதில்: "அப்பாடா. அப்ப பார்சலைப் பிரிச்ச ஆளைத்தான் கேப்பாங்க. பியசேன, ஆய்வுகூட உதவியாள். பென்சனுக்கு ரெண்டு வருசம் இரிக்கு, பாவம்."

பகல் சாப்பாட்டில் வாப்பாவிடம் முழுக் கதையும் சொன்னேன். நாற்பதிலும் ஒரே ஆள், உங்களைத்தான் சந்தேகப்பட்டார்கள், நான் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டேன், இனிக் கொழும்பில் ஒருவரை விசாரிப்பார்கள். சோற்றில் வைத்த வாப்பாவின் கை அப்படியே நின்றது.

"அந்த மனிசனுக்குப் புள்ள குட்டி இரிக்கா?"

"இரிக்கும் வாப்பா."

உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வாப்பாவக் காப்பாத்திட்டாள் பாருங்க. அண்டைக்கு நீங்க அவள, இண்டைக்கு அவள் உங்கள." பிறகு வழக்கமான கதை. சுனாமியன்று எனக்கு இரண்டு வயது. "தண்ணிக்குள்ள இரிந்து எடுத்துக்கிட்டு ஓடி வந்து என்ட மடியில போட்டாரு. அப்புடியே இறுக்கிப் புடிச்சிக்கிட்டாய், மூணு நாளா விடல்ல." இந்தக் கதையை நூறு தரம் கேட்டிருப்பேன். வாப்பா வழக்கமாகச் சிரிப்பார். இன்று எழும்பிக் கை கழுவப் போனார்.

மே 10, ஞாயிறு

காற்று நின்று புழுக்கம். இலை அசையவில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வாப்பா என் அறைக்கு வந்தார். கதவருகே நின்றார், தபால் கொண்டுவந்தவர் மாதிரி. உள்ளே வரச் சொன்ன பிறகுதான் வந்து கதிரையில் இருந்தார்.

"மகள், அது நான்தான்."

எது என்று கேட்டேன். கேட்கும்போதே தெரியும்.

"நாப்பதும். ராத்தா வீடு, ஹாஜியார் வீடு, எல்லா வீட்டுக்கும் போனன். பகல்ல எச்சில் கேட்டா நோன்போட எப்பிடிக் காக்கா எண்டாங்க. நாக்கு காஞ்சி கிடக்கு. சிலபேர் நோன்பு முறிஞ்சிரும் எண்டு பயந்தாங்க. நோன்பு திறந்த பொறகு போனா கஞ்சி, ரோல்ஸ், வாயெல்லாம் சாப்பாடு. மறுகா தராவீஹ் தொழுகை. பெருநாளுக்கு முந்தி அனுப்பச் சொல்லிக் கொழும்பில கேக்கிறாங்க எண்டு நீ சொன்னாய். வெறுங்குழாய அனுப்பினா உனக்குத்தானே வெக்கம். உன்ட மொதல் வேல."

எப்படி, நாற்பது குழாய்?

"ஒரு நாளைக்கு நாலு. மஃரிபுக்குப் பொறகு வாயக் கழுவிட்டுப் பள்ளிவாசல் பின்னுக்குப் போய். ஊறல்ல. புளிப்புக்கு ஊறும் எண்டு தேசிக்காய வெட்டி மூக்குக்கிட்ட வெச்சிப் பாத்தன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. அறுபத்தேழு வயதில், தேசிக்காயை மோந்துகொண்டு, நாற்பது பேருக்காக.

"எச்சில் எல்லாருக்கும் ஒண்டுதானே எண்டு நினைச்சன் மகள். சீனி இரிக்கா இல்லையா எண்டுதானே பாக்கிறாங்க, எனக்கும் சீனி இரிக்கி. இப்ப ஒரு மனிசன்ட சோத்துல மண் விழப் போகுது. நான் கொழும்புக்கு பஸ் ஏறிப் போய்ச் செல்றன். இல்லாட்டி நீ எழுது."

எழுதுறன் வாப்பா என்றேன்.

கதவடியில் திரும்பினார். "நீ கணக்குப் போட்டு நான் இல்ல எண்டு எப்பிடிச் சொன்னாய்?"

"பிழையாப் போட்டுட்டன் வாப்பா."

"அதுதானே" என்றார். நிம்மதியாகப் போனார்.

மறுபடி ஓட்டினேன். என் கோப்பு, குழாய் ஒன்று. பூச்சியம். என் கோப்பு, குழாய் இருபது. பூச்சியம். நாற்பது. பூச்சியம். என் கோப்பு என்னுடையதுதானா என்றும் பார்த்தேன், வகுப்பில் கொடுத்த இலக்கத்தோடு. என்னுடையதுதான். கணக்கில் பிழையில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் நிரலில் ஒரு பிழையும் இல்லை.

நேற்று நான் சுக்ரு தொழுதது இதற்குத்தான். அந்த வெளியூரான் நான்தான்.

வீட்டில் சுனாமிக்கு முந்திய படம் ஒன்றும் இல்லை. இந்தத் தெருவில் யார் வீட்டிலும் இல்லை, ஆகவே நான் தேடியதுமில்லை. உம்மா ஒரு நாளும் என்னைப் பெற்ற கதை சொன்னதில்லை. எடுத்த கதைதான். நூறு தரமும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார், நான்தான் கேட்கவில்லை. எந்தத் தண்ணீர், எந்த வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டில் யாரும் மிஞ்சினார்களா?

கண்ணாடியில் மூக்கைப் பார்த்தேன். வெகுநேரம். யாருடையது என்று தெரியாத மூக்கு. பயமாக இருந்தது, கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். பிறகு அடக்கமாட்டாமல் அழுதேன். குசினியில் வாப்பா உம்மாவிடம் தேயிலைக்குச் சீனி போடாதே என்று சொல்வது கேட்டது.

உம்மாவின் எச்சில் என்னிடம் இல்லை. கேட்கப்போவதுமில்லை.

மே 11, திங்கள்

மழை இருட்டு, மழை இல்லை. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு எழுத உட்கார்ந்தேன்.

கஷ்டம் இதுதான். பியசேன தப்ப வேண்டுமென்றால் அது வாப்பா என்று நான் சொல்ல வேண்டும். ஆனால் பூச்சியம் போட்ட அட்டவணை சிவரூபி அக்காவிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் அக்காவுக்கு எல்லாம் விளங்கும். பாண்டிருப்புக்கும் இங்கேயும் இடையில் எவ்வளவு தூரம்?

ஏழு தடவை எழுதி அழித்தேன். கடைசி, கடைசி_2. அனுப்பியது:

"அக்கா, நாற்பதும் என் வாப்பாவின் எச்சில். நோன்பில் ஆட்கள் கொடுக்காததால் தேசிக்காயை மோந்து மோந்து அவரே நிரப்பினார். அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். பியசேன ஒன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை நான் அனுப்பிய ஒப்பீடு பிழை. என் கோப்புக்குப் பதிலாக வகுப்பில் வேறொரு பிள்ளையின் கோப்பைப் போட்டுவிட்டேன். என் கவனயீனம். மன்னிக்கவும்."

பிறகு என் கோப்பை அழித்தேன். குப்பைத்தொட்டியிலிருந்தும்.

வாப்பா வாசலில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார். நாற்பது வீட்டுக்கும் தானே போய் மன்னிப்புக் கேட்டு, புதுக் குழாய் கொடுக்கப் போகிறாராம். நோன்பில்லாத நாளில், சாப்பாட்டுக்கு முந்தி. பட்டியலை வீட்டு ஒழுங்கில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

பத்து இருபதுக்கு அக்காவின் அழைப்பு. பயந்துகொண்டு எடுத்தேன். அக்கா சிரித்துக்கொண்டே: "ஐயோ கடவுளே, தேசிக்காயா? பாவம் மனிசன். நான் மேல கதைக்கிறன், யோசிக்காதீங்க. ஆனா கோப்பை மாத்திப் போட்டு என்னையும் பயப்பிடுத்திட்டீங்களே பிள்ளை. சரியான கோப்பைப் போட்டுத் திரும்பப் பாத்தீங்களா? அரை வந்திச்சா?"

வாப்பா வாசலிலிருந்து கையைக் காட்டிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

"ஓம் அக்கா" என்றேன். "அரை வந்திச்சி."