மேலே நிற்க ஆள் இல்லை

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் உனக்கு 'ம்' தவிர வேறு வார்த்தை வராது, அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் இந்தப் பருவத்தில் வினோதமான ஒரு வகுப்பு. பழைய மாணவர் ஒருவர் கொடுத்த நிஜப் பணத்தை நாங்களே பங்குச் சந்தையில் போட்டு வளர்க்க வேண்டும். ஆளுக்கொரு கம்பெனியை அலசி, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது எது தெரியுமா? நீ லிஃப்ட் பழுதுபார்க்கிற அதே கம்பெனி. அங்கே என்ன சேதி, எழுது.

உன் தங்கை,
வாலு

ஜனவரி 25

அன்புள்ள வாலு,

அண்ணிக்கு ஏழாம் மாதம். கால் வீக்கம்தான், மற்றபடி சுகம்.

புது மேலாளர் வந்தபின், மாதாமாதம் பார்த்த லிஃப்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். நாலு பேர் இருந்த குழுவில் இப்போது நானும், மொட்டை என்று நாங்கள் கூப்பிடும் கூட்டாளியும்தான். லிஃப்டுக்கு அடியில் குழிக்குள் நான் இறங்கினால், அவன் மேலே வாசலில் சுவிட்சுப் பக்கத்தில் நிற்பான், யாரும் லிஃப்டை ஓட்டிவிடாதபடி. ஓயாமல் பாடுவான். குரல் நாராசம். ஆனாலும் அது கேட்கிறவரை எனக்குப் பயமில்லை.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிவைக்காதே.

அண்ணன்

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணா,

சொல்லவில்லை. சொல்லவும் கூடாதாம். "உள்ளே வேலை செய்றவங்க சொன்னதை வெச்சு வாங்கவோ விக்கவோ கூடாது, சட்டப்படி குத்தம்" என்று பேராசிரியர் முதல் நாளே கண்டித்துச் சொல்லிவிட்டார். கம்பெனி வெளியிட்ட கணக்கை மட்டும் வைத்துப் பேசினேன். பராமரிப்புச் செலவு குறைந்திருக்கிறது, லாபம் ஏறியிருக்கிறது.

"செலவை எப்படிக் குறைச்சாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நல்ல நிர்வாகம்" என்றேன். சட்டென்று அடுத்த பக்கத்துக்குத் தாவினேன்.

எல்லோரும் கை தூக்கினார்கள். வாங்கிவிட்டோம். விலை ஏறிக்கொண்டே போகிறது. மொட்டை அண்ணன் பாடிக்கொண்டுதானே இருக்கிறார்?

வாலு

மார்ச் 9

அன்புள்ள வாலு,

மொட்டையை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மேலாளர் எங்களைக் கூட்டிவைத்துப் பங்கு விலையைக் காட்டினார். "காலேஜ் பசங்ககூட நம்ம ஷேரை வாங்குறாங்க. இதே வேகத்துல போகணும்" என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

இப்போது தனியாகத்தான் இறங்குகிறேன். 'வேலை நடக்கிறது' என்று வாசலில் பலகை வைக்கிறேன். நேற்று ஏறி வந்து பார்த்தால், யாரோ அதைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அண்ணிக்குத் தெரியாது. நீயும் வாயைத் திறக்காதே.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விற்றுவிடலாம் என்றேன். பேராசிரியர் முகம் வெளுத்துவிட்டது. "நீ சொன்னதாலயே இனிமே விக்க முடியாதும்மா. வாங்கவும் முடியாது. எல்லார் கையையும் கட்டிட்டே" என்றார்.

அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். என் பெயரைத்தான் போட்டேன், உன் பெயர் இல்லை. வேலையை விட்டுவிடு அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு

ஏப்ரல் 6

வாலு,

அதிகாரி வந்தார். மேலாளர் அறையில் உட்கார்ந்து காபி குடித்தார், போய்விட்டார். மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"புகார் குடுத்த பொண்ணு உனக்குச் சொந்தமா?"

அண்ணிக்கு இன்றோ நாளையோ என்றிருக்கிறது. நான் என்ன செய்ய? "எனக்குத் தங்கச்சியே இல்ல சார்" என்றேன்.

நம்பினாரா, தெரியாது. ராப்பகலாக ஓடுகிற ஆஸ்பத்திரி லிஃப்ட் மொத்தமும் இனி என் ஒருவன் பொறுப்பு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

கொஞ்ச காலம் எழுதாதே. கோபமில்லை. கையெழுத்துப் போடவில்லை, புரிந்துகொள்.

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். குழந்தை பிறந்ததா? அதைக்கூடச் சொல்லக்கூடாதா?

இன்று வகுப்பில் இருக்கும்போதே உங்கள் கம்பெனி விலை சரிய ஆரம்பித்தது. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. செய்தி எதிலும் ஒன்றுமில்லை. "விக்கிறவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. நமக்கு அப்புறமாத்தான் தெரியும்" என்றார் பேராசிரியர். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

உனக்குப் போன் செய்தேன், அடித்து ஓய்ந்தது. அண்ணிக்குச் செய்தேன். யாரோ எடுத்தார்கள், பேசவில்லை. நிறையப் பேர் நிற்கிற சத்தம். நடுவில் பச்சைக் குழந்தை ஒன்று அழுதது. துண்டித்துவிட்டார்கள்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நானே எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். கதவை நீதான் வந்து திறக்க வேண்டும்.

உன் தங்கை