ஒரு பிடி உரம்

ஏற்காடு
10-4-2005

அன்புள்ள தனக்கோடிக்கு,

நலம். உன் கால் புண் ஆறியதா? உப்பளத்தில் சுனாமிச் சேற்றை அள்ளி முடித்துவிட்டார்களா?

இங்கே ஆராய்ச்சித் தோட்டத்தில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். மூன்று வகை வேர்ச்செடிகளில் ஒரே ரகக் காப்பித் தளிரை ஒட்டுக் கட்டினோம் என்று எழுதியிருந்தேனே. எந்த வேர் மண்ணிலிருந்து சத்தை நன்றாக எடுக்கிறது என்று பார்க்கத்தான். அதனால் எல்லாவற்றுக்கும் உரம் ஒரே அளவு. மூன்றாவது வரிசை மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. என் கையால் ஒட்டிய செடிகள், பார்க்கச் சகிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி கூடப் போட்டுவந்தேன். இப்போது இலைச் சோதனையில் அந்த வரிசைதான் முதல். "சிங்காரம், இனிமே பாதி உரமே போதும், இந்த வேர் இழுத்துக்கும்" என்று ஆராய்ச்சியை நடத்தும் சத்யப்ரியா மேடம் பூரித்துப்போனார். என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியும்விட்டார். உண்மையைச் சொல்லிவிடட்டுமா?

உன்
சிங்காரம்

மரக்காணம்
19-4-2005

அன்பு மாமாவுக்குத் தனக்கோடி எழுதுவது.

சொல்லாதீர்கள். புண் ஆறவில்லை, நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்றால் எப்படி ஆறும்? நாலு வருஷமாக நீங்கள் மலையில், நானும் பிள்ளை செந்தமிழும் இங்கே. நிரந்தரமானால் வீடு தருவார்கள், உங்களையும் கூட்டிக்கொள்கிறேன் என்றீர்கள். அவள் இப்போதே ஸ்வெட்டர் என்ன கலர் என்று கேட்கிறாள். ஒரு பிடி உரத்தை யார் தேடப்போகிறார்கள்? எனக்கு அலுத்துவிட்டது மாமா.

தனக்கோடி

ஏற்காடு
6-6-2005

தனக்கோடிக்கு,

ஒன்றரை மாதம் வாயைத் திறக்கவில்லை. நேற்று அந்த ஒட்டுக்கன்று கேட்டு விவசாயிகள் வந்தார்கள். ஒரு அம்மா என்னிடம், "அண்ணே, நீங்கதான ஒட்டுனீங்க? நெசமாவே பாதி உரம் போட்டாக் காய்க்குமா?" என்றார்.

அவர்கள் போனதும் மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. இரண்டு வருஷக் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, "இனிமே தோட்டத்துக்கு வர வேணாம், சிங்காரம்" என்றார். அவ்வளவுதான்.

ஊருக்கு வரலாமா?

சிங்காரம்

மரக்காணம்
13-6-2005

மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்த அன்று இருட்டும்வரை உப்பு வாரினேன். மலை வீடு இல்லை என்று செந்தமிழிடம் சொன்னேன். "அப்போ அப்பா இங்கயே இருப்பாரா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

நீங்கள் செய்தது சரிதான். அதற்காகக் கோபம் இல்லை என்று எழுத என்னால் முடியாது. வந்தால் கொஞ்ச நாள் நான் பேச மாட்டேன். சோறு போடுவேன்.

வாருங்கள்.

தனக்கோடி