கோடாலி வெட்டு விழுந்த கதவு

பிலோமினா அப்பாவுக்கு,

கடலைக் காட்டுக்குக் களை வெட்டப் போகிறேன். பிள்ளையை எங்கம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். சாராயக்கடையிலிருந்து வந்து நேற்று நீங்கள் உதைத்துப் பிளந்த வாசல் கதவை எரித்துத்தான் இன்றைக்கு ராகிக்களி வெந்தது. சட்டியில் மூடியிருக்கிறது, சாப்பிடுங்கள். என் உதடு கிழிந்ததைக் கேட்பவர்களிடம் கதவு இடித்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

மதியம் பாப்பாரப்பட்டியிலிருந்து குப்புராஜ் ஆசாரி வேறு கதவு கொண்டுவந்து மாட்டுவார். விடிந்ததும் போய்ப் பார்த்தேன், கையிலிருந்த காசுக்கு ஏற்ற மாதிரி இரண்டுதான் அகப்பட்டன. ஒன்று புது மாம்பலகை, கிளி செதுக்கி அழகாகத்தான் இருந்தது. தட்டினால் முறம் மாதிரி சத்தம். உங்கள் காலுக்கு அது எத்தனை நாளைக்கு?

மற்றது இடித்த வீட்டு வேங்கைக் கதவு. மேலெல்லாம் கோடாலி வெட்டு, அதனால்தான் விலை குறைவு. பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

"பங்காளிச் சண்டையில மூணு பேரு மாத்தி மாத்தி வெட்டுனாங்கம்மா, உள்ள இருந்த அம்மாகிட்ட போவ முடியல" என்றார் ஆசாரி.

உள்ளே இருந்தவள் என்ன ஆனாள் என்று கேட்டேன்.

"அந்தம்மா பேரன் பேத்தியே எடுத்துட்டாங்க."

உடனே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

தாழ்ப்பாளை உட்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். ஆசாரிக்கும் களி போடுங்கள், வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

ராஜமேரி

குடித்துவிட்டு வந்தால் மாட்டுக்கொட்டகையில் படுங்கள். பாயும் போர்வையும் அங்கே வைத்துவிட்டேன், குளிரும்.

நம் கோடாலியைத் தேட வேண்டாம். இனி அது உள்ளே, என் தலைமாட்டில் இருக்கும்.