அக்காவின் சோயாவுக்கு ஒரு ஏக்கர்

என் அருமை அக்கா,

ஸ்ரீரங்கம் வீட்டில் நீ வைத்துவிட்டுப் போன சோயா விதையில் பாதி செத்துவிட்டது. ஈரச் சாக்கில் பரப்பிப் பார்த்தேன். மிச்சப் பாதிதான் முளைவிட்டது.

உன் காரியம் முடிந்த கையோடு மாமா விதை இருந்த அறையின் ஏசியை நிறுத்தியிருக்கிறார். "யாரும் படுக்காத ரூமுக்கு எதுக்கு மாப்ளே ஏசி?" என்று என்னையே கேட்டார். சோயா விதை வெக்கை தாங்காது என்று அவரிடம் நீ சொன்னதே இல்லையா? நான் திட்டவில்லை. நீ இல்லாமல் சோறு வடிக்கத் தெரியாமல் நிற்கிற மனுஷனை என்ன சொல்வது?

உன் ஆராய்ச்சி நிலையத்துக்கும் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள். "மேடம் ரிட்டையர் ஆனதோட அந்தத் திட்டம் முடிஞ்சுடுச்சுங்க. பாதி முளைக்கிற விதையை நாங்க எடுக்க முடியாதுங்க." துறையூர் வெயிலுக்குத் தாங்குகிற ஒரு சோயாவுக்காக எத்தனை வருஷம் வயலில் நின்றாய்? இந்த ஆடியில் விதைக்காவிட்டால் அந்த ரகமே இல்லை.

நேற்று மலைக்கோட்டைத் தானியக் கடையைப் பூட்டிவிட்டுத் துறையூருக்குப் பஸ் ஏறினேன். உனக்குச் சோதனை வயல் கொடுத்த செல்வி, மக்காச்சோளம் போட உழுது வைத்திருந்தாள்.

"சோளத்துக்குக் கோழித்தீவனக்காரன் வயலுக்கே வண்டி கொண்டாரான். இதை யாருண்ணே வாங்குவா?"

"நான் வாங்குறேம்மா."

"நீங்களா! ஈரம், தூசின்னு மூட்டைக்கு மூட்டை கழிப்பீங்களே?"

"அது வியாபாரம். இது எங்க அக்கா."

குனிந்து உழுத மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். "பாதிதான் முளைக்கும்னா குழிக்கு ரெண்டா ஊனணும். கூலி யாரு தர்றது? சரி, விளையலைன்னா?"

விளையாத பயிருக்கு நான் இதுவரை விலை சொன்னதில்லை, அக்கா. நேற்று சொன்னேன்.

அலுப்பாக இருக்கிறது. லாபம் இல்லாத ஒன்றுக்காக இப்படி அலைந்து எனக்குப் பழக்கமில்லை. பிழைக்குமா என்பதும் தெரியவில்லை. நீ இருந்தால் வயலைப் பார்த்தே சொல்லியிருப்பாய்.

ஆனால் பேசிய பேச்சு மாறமாட்டேன். ஒரு ஏக்கர் உன் சோயாவுக்கு. விதை ஊன்றும் கூலி என்னுடையது. பக்கத்து ஏக்கர் மக்காச்சோளம் என்ன காசு பார்க்கிறதோ, அதே காசு செல்விக்கு, விளைந்தாலும் விளையாவிட்டாலும். அடுத்த ஆடிக்கு விதை எடுத்தது போக மிச்சம் இருந்தால், அது எனக்கு.

உன் தம்பி,
ராசு