ஆற்றில் காலை ஊன்றினேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? முழங்கால் வலி குறைந்ததா? டேராடூனில் குளிர் தொடங்கிவிட்டது. நான் நலமாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தார் கங்கையில் கயாக் ஓட்டக் கூட்டிப்போனார்கள். இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு அது. இருபுறமும் செங்குத்தான மலை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கூட வேலை பார்க்கும் கறம்பக்குடி சுகுணாதான் விடவில்லை. "கம்மாயில நீந்துனவங்க நீங்க, இதுக்குப் போயி பயப்படுறீங்களேக்கா" என்றாள்.

ஒரு வளைவில் படகு கவிழ்ந்தது. மார்பளவுத் தண்ணீர்தான். நம் கண்மாயில் சேறு தட்டுமே, அந்த நினைப்பில் காலை ஊன்றிவிட்டேன். அது இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஆறு முதுகில் தள்ளத் தள்ள, முகம் தண்ணீருக்குள் சாய்ந்தது.

"நிக்காதீங்கக்கா, நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல" என்று சுகுணா கத்தினாள்.

புறப்படும்போதே வழிகாட்டி சொன்னார்தான். நீச்சல் தெரியுமே என்று நான் காதில் வாங்கவில்லை. வழிகாட்டி பாறைமேல் நின்று என் தோள்களைப் பின்னுக்கு இழுத்த பிறகுதான் கால் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சுகுணா அரை நிமிடம் என்கிறாள்.

கரையேறியதும் வீட்டுக்குப் போன் போடச் சொன்னாள். என் குரலைக் கேட்டதுமே உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை. கட்டுப் போட உங்கள் பழைய நூல்சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், கட்டியிருந்ததை அப்படியே மடித்து அனுப்புங்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகள்,
அமுதவல்லி