வீட்டைப் படம் எடுக்கச் சொன்னீர்கள்

மந்தாரக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி தனகோட்டி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ருக்குமணியும் சுகம். மகன் சிலம்பரசன் இன்னும் காண்ட்ராக்டில்தான் மைன்ஸுக்குப் போய்வருகிறான். உங்களுக்கும் அண்ணிக்கும் பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா? முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டதாக உங்கள் மகன் சிவசங்கர் சொன்னான். மாடிப்படி ஏறாதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்காதீர்கள். போனில் நான் ஒன்றை ஆரம்பிப்பதற்குள் நீங்கள் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். கூடவே நானும் சிரித்துவிடுவேன். எப்போதும் அதுதானே நடக்கிறது.

உங்கள் எழுபதாம் வயது விழாவில் போட்டுக்காட்டுவதற்காக, நாம் இருந்த பழைய குவார்ட்டர்ஸை இடிப்பதற்குள் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய பதினொரு நிமிடத்தையும் கேட்டேன். கிரீம் கலர் பியட் கார், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, தோட்டத்துக் குழாயில் நாளெல்லாம் கொட்டிய தண்ணீர், எல்லாம் சொன்னீர்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டே தள்ளுவோம் என்றீர்கள். அண்ணா, நீங்கள் ஸ்டியரிங்கில் இருப்பீர்கள். அண்ணியும் பிள்ளைகளும் உள்ளே இருப்பார்கள். தள்ளியவன் நான் ஒருவன்தான். ஆனால் சிரித்தது உண்மை. எனக்கும் அந்த வண்டி என்றால் உயிர். ஸ்டியரிங் பக்கத்துக் கியரை நீங்கள் போட்டால் முனகும், நான் போட்டால் வழுக்கிக்கொண்டு விழும். உங்கள் மகள் சரிதா ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை தூங்குவாள். அதையெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன்.

நம் நிலம் நிலக்கரி மைன்ஸுக்குப் போனபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். அப்பா உங்களைக் காட்டினார். நீங்கள் மூத்தவர், கல்யாணம் ஆனவர். எனக்கு ஆட்சேபணையில்லை என்று நான் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன். "தம்பியையும் ரெண்டு வருசத்துல உள்ள இழுத்துக்கிறம்ப்பா" என்று அப்பாவிடம் சொன்னீர்கள். அதை நம்பித்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வண்டிக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டதும் என் கட்டிலும் அங்கே வந்தது. ஆறு வருடம். வெயில் காலத்தில் உள்ளே பெட்ரோல் வாடை தலையைப் பிடிக்கும். வீட்டுக்குள் இடமில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

ஒரு நாள் உங்கள் மேலதிகாரி குடும்பத்தோடு சாப்பிட வந்தார். நான்தான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். யார் இது என்று கேட்டார். "ஊர்ப் பையன் சார், வண்டி ஓட்டுறான்" என்றீர்கள். அவர் போகும்போது, "நல்ல பையனா தெரியிறான், விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்கு எனக்கு முப்பது வயது. அதன்பிறகு அந்தக் குவார்ட்டர்ஸ் வட்டாரம் முழுவதும் நான் உங்கள் டிரைவர்தான். அண்ணி மட்டும் அன்று சாயங்காலம் எனக்கு இரண்டு தோசை கூடுதலாக வைத்தார்கள். அவர்களுக்குப் புரிந்திருந்தது.

இத்தனையும் நான் ஆற்றிக்கொண்டதுதான். உங்கள் பேச்சில் ஒன்பதாவது நிமிடம் ஒன்று வந்தது. அதைத்தான் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

"டேய் கோட்டி, ஒண்ணு தெரியுமா ஒனக்கு? சிவா பிளஸ் டூ எழுதுன வருசம் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்லேர்ந்து ஒனக்கு இன்டர்வியூ கார்டு வந்துது. நாந்தான் எடுத்து வச்சிட்டேன். நீ பூட்டா புள்ளைய யாரு காலையில டியூசனுக்கு இட்டுகினு போறது? அப்புறம் மறந்தே பூட்டேன். இன்னா காலம்டா அது!"

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அடுத்த பேச்சு பியட்டின் ஹாரன் சத்தத்தைப் பற்றி.

அப்போது ருக்குமணி பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு, "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள். போட்டேன். மூன்றாம் தடவையும் போட்டேன். கீரையைச் சட்டியில் போட்ட பிறகு, "விழாவுக்குப் புதுச் சட்டை எடுக்கணும்னீங்களே, எடுக்க வேணாம்" என்றாள்.

போயிருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. போயிருப்பேன், அண்ணா. குளித்து, சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயரைக் கூப்பிடும்வரை காத்திருந்திருப்பேன். கிடைக்காமல் போயிருந்தால் அது என் தலைவிதி. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் காண்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வாரினேன். ஒவ்வொரு நாளும், எனக்குத்தான் கூப்பிடுகிற யோகம் இல்லை என்று நினைத்துக்கொண்டே வாரினேன். கூப்பிட்டிருக்கிறார்கள். அது எனக்கு அறுபத்தோரு வயதில் தெரிகிறது.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறந்துவிட்டேன் என்கிறீர்கள். ஹாரன் சத்தம் ஞாபகம் இருக்கிறது.

கோபத்தோடுதான் நேற்று அந்த வீட்டுக்குப் போனேன். சொன்ன வேலையைச் செய்யாமல் விட எனக்குப் பழக்கமில்லை. அந்த வரிசை முழுவதும் காலி. கதவு ஜன்னலைக் கழற்றிவிட்டார்கள். கொய்யா மரம் அப்படியே இருக்கிறது, பறிக்க ஆளில்லாமல் பழம் கீழே விழுந்து கிடக்கிறது. காவலுக்கு இருந்தவர் ராஜ்மோகன் என்று ஒருவர். "தெனம் யாரனா வராங்க. செவுத்தத் தொட்டுப் பாத்து அழுவுறாங்க. நீங்க இந்த வூட்ல இருந்தவருங்களா?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "டிரைவரா இருந்தேங்க" என்று வாயில் வந்துவிட்டது.

சொல்லிவிட்டு ஹாலுக்குள் போனேன். உங்கள்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் அதிகம். பிறகு போனை அவர் கையில் கொடுத்து, என்னைப் படம் எடுக்கச் சொன்னேன். வீட்டைச் சுற்றிக் காட்டினேன். சமையலறை, பிள்ளைகள் படித்த மூலை, நீங்கள் நாற்காலி போட்டு உட்காரும் இடம். கடைசியாக ஷெட். கூரை இல்லை, தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. அங்கே நின்று சொன்னேன். "எம் பேரு தனகோட்டி. இந்த வூட்ல இருந்த கலியமூர்த்திக்குக் கூடப் பொறந்த தம்பி. எனக்கு வந்த இன்டர்வியூ கார்டு இந்த வூட்லதான் கெடந்துது." அவ்வளவுதான். அழவில்லை. ராஜ்மோகன் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீடியோவை உங்களுக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு அனுப்பவில்லை. விழாவில் போடுவதானால் வெட்டாமல் போடுங்கள். போட மனம் வராவிட்டால் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு தடவை முழுதாகப் பாருங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான். சிவசங்கரிடம் சொல்ல வேண்டாம். தன் பரீட்சைக்காக நடந்தது என்று தெரிந்தால் அவன் தாங்க மாட்டான். அவனைத் தோளில் தூக்கிச் சுமந்தவன் நான்.

விழாவுக்கு நாங்கள் வரவில்லை. அண்ணி கேட்டால் ருக்குமணிக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

பெரியவரைச் சின்னவன் வாழ்த்துவது முறையில்லை. ஆனாலும் அப்பா இல்லாத இடத்தில் நின்று நான் சொல்கிறேன். கண்ணும் காதும் தெளிவாக, ஞாபகம் ஒன்றுகூடத் தப்பாமல், எனக்குப் பின்னாலும் நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும்.

தம்பி,
தனகோட்டி