அந்த வண்டுக்கு மூக்கு இருந்தது

அக்கா,

இன்று காலை சோளம் புடைக்கும்போது ஒரு வண்டு என் விரலேறி நடந்தது. உதறாமல் வெயிலில் திருப்பிப் பார்த்தேன். அப்படிப் பார்ப்பது உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். நீங்கள் யாருக்கும் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. கேட்டால், "கண்ணு இருக்குதல்ல, பாரு" என்பதோடு சரி.

அந்த வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். பிள்ளை இல்லை என்பதால் உங்கள் பேச்சு எதிலும் எடுபடாது. என்ன குழம்பு என்பதைக்கூட நான்தான் முடிவு செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் தானியத்தில் பூச்சி என்றால் மாமனார் உங்களைத்தான் கூப்பிடுவார். ராசிபுரம் சந்தைக்குப் போகும் மூட்டை, நீங்கள் கையை விட்டுப் பார்த்த பிறகே வண்டி ஏறும். நூல் கட்டியிருந்தால் அந்துப்பூச்சி. மூக்கு நீண்ட வண்டு முழுத் தானியத்தைத் துளைத்து உள்ளேயே பெருகும். மூக்கில்லாத சிவப்பு வண்டு மாவையும் நொய்யையும்தான் தின்னும். முழுச் சோளத்தை அது ஒன்றும் செய்யாது.

உலகச் சண்டை நடந்த காலத்தில் மழை பொய்த்த வருஷம், சங்ககிரிப் பக்கமிருந்து என் தம்பி வெறும் பையோடு நடந்தே வந்தான். பிறந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாமாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என் அப்பாவைக் குத்திப் பேசுவார் என்று எனக்கு வீம்பு. எல்லோரும் காட்டுக்குப் போயிருந்த மத்தியானம், களத்து மூலையில் சோளம் கொட்டிவைத்த குழியின் மூடுகல்லை நெம்பி, வாயோரம் இருந்ததில் இரண்டு வள்ளம் அளந்து அவன் பையில் போட்டேன். மறுபடி மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினேன். சரியாகப் பூசியதாகத்தான் நினைத்தேன்.

ஆவணியில் குழியைத் திறந்தார்கள். காற்றுப் புகாத குழியில் பூச்சி செத்துத்தான் கிடக்கும். அன்று முதல் கூடைச் சோளம் வெளியே வந்தபோது அதில் வண்டுகள் நடந்தன. மாசியில் குழியைப் பூசி மூடியவன் பண்ணையாள் சடையன். மாமா அவனிடம் திரும்பினார்.

"குழிக்குள்ள உசுரோட வண்டு எப்படிடா வந்துச்சு? தொறந்து அள்ளுனது நீதானே?"

"இல்லீங்க சாமி. எம் புள்ளைங்க மேல சத்தியமுங்க."

"நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

அந்த வருஷத்தில் வேலை போனால் அவன் குடும்பம் பட்டினிதான். அது தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. பயம், அக்கா. என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

மூக்கு இருந்தால் வண்டு குழிக்குள்ளேயே பெருகியது, யாரோ குழியைத் திறந்தது உறுதி. மாமாவுக்குக் கண் மங்கல். "ஏம்மா, மூக்கு இருக்குதா பாரு" என்று உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் ஒரு வண்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினீர்கள். பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது, வளைந்து நீண்ட மூக்கு. பிறகு உடைந்து கிடந்த பூச்சு மண்ணைப் பார்த்தீர்கள். அதில் என் வளையல் பதிந்த தடம் இருந்தது. கடைசியாக என்னைப் பார்த்தீர்கள்.

"மூக்கு இல்லீங்க மாமா. மாவு வண்டு. அள்ளுனது மாவுக்கூடைங்க, அதுல இருந்திருக்கும்."

சடையன் வேலை தப்பியது. சாயங்காலம் நீங்கள் கேட்டது இதுதான்:

"உன்ற தம்பி ஊட்ல எத்தன பேரு?"

"ஆறு பேருங்க அக்கா."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நல்லாவாவது பூசியிருப்பேனல்ல."

மாவு வண்டுதானே என்று மாமா அந்தச் சோளத்தை விதைச் சோளத்தோடு கொட்டச் சொன்னார். நீங்கள் தடுக்க முடியாமல் நின்றீர்கள். ஐப்பசியில் விதைக்க எடுத்தபோது பாதி வெறும் தோல். என் வீட்டுக்காரர் ஒரு மணியைப் பிளந்து, உள்ளே இருந்த மூக்கு வண்டை எல்லோருக்கும் காட்டினார். "கண்ணு தவறிப்போச்சுங்க மாமா" என்றீர்கள். கோபம் முழுவதும் உங்கள்மேல்தான் விழுந்தது. சடையன் பேரை யாரும் எடுக்கவில்லை. அதன்பிறகு உங்களை யாரும் கூப்பிடவும் இல்லை. அடுத்த மூட்டைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன்.

போன மாதம் உங்கள் கருமாதிப் பந்தலில், என் வீட்டுக்காரர் உங்களைப் புகழ்ந்துகொண்டே, "வண்டு பாக்கறதுலதான் அண்ணி ஒருக்கா ஏமாந்துட்டாங்க" என்று சிரித்தார். மாமா போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. சடையன் பந்தலோரம் விறகு பிளந்துகொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா ஏமாறலீங்க. அதுக்கு மூக்கு இருந்துச்சு. அவிங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குழியத் தொறந்தவ நானுங்க."

அவர் சிரிப்பு நின்றது. சடையன் கோடரியைக் கீழே வைத்தான். என் பக்கம் திரும்பாமல், உங்களுக்காக ஏற்றிவைத்த விளக்கைக் கும்பிட்டான்.

நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் நின்றோம்; அந்த மூக்கை நானும் பார்த்தேன் என்று உங்களிடம்கூடச் சொல்லவில்லை. இப்போதும் ஊரில் மூட்டை பார்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறேன், சரியாகவும் சொல்கிறேன். அந்த வீட்டில் உங்களுக்கென்று இருந்தது அந்த ஓர் இடம்தான், அக்கா. அதில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.